அப்ப மோதிரம் எங்க?

போன பள்ளி விடுமுறையில் முள்ளியவளையில் பெரியப்பா வீட்டு முற்றத்தில் ஒரு படம் போட்டோம். கிளிநொச்சியில் இருக்கும் தம்பி முறையான ஒருவன் புரொஜெக்டர் கொண்டுவந்திருந்தான். மாமரத்துக்கும் கிணற்றடிக் கம்பிக்கும் நடுவில் பெரியப்பாவின் வேட்டியை இழுத்துக் கட்டியதும் திரை தயார். இரண்டே கால் மணித்தியாலம் அளவில் படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. பிள்ளைகள் எழும்பிப் பாயை உதறினார்கள். சாய்மனைக் கதிரையில் கிடந்த பெரியப்பா மட்டும் அசையவில்லை.

"சரி, அப்ப மோதிரம் எங்க?"

"அது இன்னும் அவனிட்டத்தான் இருக்கு, பெரியப்பா."

"பிறகென்னத்துக்கு முடிச்சவங்கள்?"

1978 நவம்பரில் அமெரிக்கத் தியேட்டர்களை விட்டு வெளியே வந்த கூட்டமும் இதையேதான் கேட்டது. ரால்ஃப் பாக்ஷி இயக்கிய 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' கார்ட்டூன் படத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். பீற்றர் ஜாக்சனின் மூன்று படங்களைப் பார்க்காத இளம் பிள்ளைகள் இப்போது வன்னியிலும் குறைவு. அந்த மூன்றும் 2001, 2002, 2003இல் வந்தவை. அவற்றுக்கு இருபத்துமூன்று வருடங்களுக்கு முன்னரே இதே கதையைக் கோட்டோவியமாக எடுத்திருக்கிறார்கள் என்றால் பலர் நம்புவதில்லை. பார்த்தவர்களோ இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அது துணிச்சலான வேலை, மற்றக் கட்சிக்கு அது அரைவேக்காடு. இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தக் குற்றச்சாட்டு எங்கேயிருந்து வருகிறது என்பதைப் பிரித்துப் பார்க்காமல் விட்டால் சண்டைதான் மிச்சம்.

டோல்கீன் எழுதிய நாவல் 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வந்தது. எல்லோரையும் அடக்கியாளும் வல்லமை கொண்ட மோதிரம் ஒன்று ஃபுரொடோ என்ற குள்ள மனிதனின் கைக்கு வந்துசேர்கிறது. அதைச் செய்த எரிமலைக்கே கொண்டுபோய்ப் போட்டு அழிக்க வேண்டும். வழிநெடுக மனிதர், குள்ளர், மந்திரவாதிகள், அரக்கர் படை, போர். இதைப் படமாக்கும் உரிமை 1969இல் யுனைற்றட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்குப் போனது. ஒரே படத்துக்குள் அடக்கிவிடலாம் என்று ஜோன் பூர்மன் என்ற இயக்குநர் திரைக்கதை எழுதிப் பார்த்தார், அது நடக்கவில்லை. அப்புறம் உள்ளே வந்தவர்தான் பாக்ஷி. பெரியவர்களுக்கான கார்ட்டூன் எடுத்துப் பெயரும் கெட்ட பெயரும் சேர்த்துச் சம்பாதித்தவர். 1972இல் அவர் எடுத்த 'ஃபிரிட்ஸ் த கற்' என்ற பூனைப் படம், வயது வந்தோருக்கு மட்டும் என்று முத்திரை குத்தப்பட்டு வந்த முதல் அமெரிக்கக் கார்ட்டூன் முழுநீளப் படம். அப்படிப்பட்ட ஒருவரிடம் மந்திரவாதிக் கதையைக் கொடுத்தால் பிள்ளைகள் படம் வராது என்பது தெரிந்ததுதான்.

அவர் தெரிந்தெடுத்த வழிக்கு ரொட்டோஸ்கோப் என்று பெயர். விளக்குவது சுலபம். முதலில் உண்மையான நடிகர்களை வேசம் கட்டி ஓடவும் விழவும் வாள் வீசவும் விட்டுப் படம் பிடிக்க வேண்டும். பிறகு அந்தப் படச்சுருளின் ஒவ்வொரு சட்டத்தையும் பெரிதாக்கி, அதன் மேல் தாளை வைத்து, உருவத்தை ஒற்றி வரைய வேண்டும். பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரப் படத்தை ரிசூத் தாளில் ஒற்றினோமே, அந்த வேலைதான். சினிமாவில் ஒரு செக்கனுக்கு 24 சட்டங்கள், ஒரு நிமிடத்துக்கு 1,440. இந்தக் கருவிக்கு மக்ஸ் ஃபிளைஷர் என்பவர் 1917இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். 1937இல் வந்த டிஸ்னியின் 'ஸ்னோ வைற்' படத்திலும் இளவரசியின் அசைவுகளுக்கு உயிருள்ள பெண்ணைப் படம்பிடித்து வைத்துக்கொண்டுதான் வரைந்தார்கள். ஆக, முறை புதிதில்லை. ஒரு முழுப் படத்தையும் அதன் தலையில் ஏற்றியதுதான் புதிது. பாக்ஷி ஸ்பெயினுக்குப் போய்ப் போர்க்காட்சிகளை ஆள் வைத்து எடுத்தார். ஆயிரக்கணக்கான அரக்கர் கோட்டையை மோதும் காட்சியைக் கையால் கீறி முடிப்பதற்கு ஆளும் காணாது, காசும் காணாது. படத்தின் செலவு சுமார் 40 இலட்சம் டொலர் என்று சொல்லப்படுகிறது. உண்மையில் அவர் ஒரு படத்தின் காசில் இரண்டு படம் எடுத்தார்: ஆள் நடித்த படம் ஒன்று, அதன் மேல் வரைந்த படம் ஒன்று.

நேரம் போகப் போகக் காசும் காலமும் இறுகியது திரையில் தெரிகிறது. முதல் அரை மணித்தியாலத்தில் குள்ளர்களை ஒற்றிய பிறகும் கவனமாகக் கீறி முழுக் கார்ட்டூன் உருவங்களாக்கியிருக்கிறார்கள். நடுவில் வருபவர்களில் ஒற்றிய அடையாளம் அப்படியே தெரிகிறது. கடைசிப் போரில் பல இடங்களில் வரைதலே இல்லை. நடிகர்களின் படத்தைக் கறுப்பு வெள்ளை தூக்கலாக ஆக்கி, மேலே நிறம் பூசி விட்டிருக்கிறார்கள். சிவப்புக் கண்ணும் கறுத்த முகமுமாக உண்மை ஆட்கள் ஒரு பக்கம், அவர்களோடு வாள் வீசும் கார்ட்டூன் வீரன் மறு பக்கம், அதுவும் ஒரே சட்டத்துக்குள். பார்ப்பவர்கள் பிரிகிற முதல் இடம் இது.

எங்கள் முற்றத்திலும் அப்படித்தான் பிரிந்தது. உயர்தரம் படிக்கும் பெறாமகள் முகத்தைச் சுழித்துவிட்டாள். "சித்தப்பா, இது கார்ட்டூனா, ஆக்களா? ஏதாவது ஒண்டில நில்லுங்கோவன்" என்றாள். அவளுடைய கண் ஜப்பானியக் கார்ட்டூனில் பழகிய கண். ஒரு உலகம் என்றால் அதன் புல்லும் முகமும் ஒரே கையால் வரைந்ததாக இருக்க வேண்டும் அவளுக்கு. பெரியப்பாவுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. காரணம் யோசித்துப் பார்த்தேன். அவர் இளவயதில் கோவலன் கூத்தில் தட்டான் வேசம் கட்டியவர். கூத்துப் பார்க்கிற சனத்துக்குப் பாண்டியன் முடி வைத்துக்கொண்டு வந்தாலும் அது வாய்க்கால் வெட்டுகிற இன்னார்தான் என்று தெரியும். தெரிந்துகொண்டேதான் அழும். வேசத்துக்குள் மனுசன் தெரிவது பிழையில்லை, கூத்தில் அதுதான் பாதிச் சுவை. கோட்டுக்குள் ஒரு ஆள் மூச்சு வாங்குவதைக் கண்டதும் அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவனித்தேன்.

அவர் நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன இடங்கள் இரண்டு. முதலாவது, படத்தின் தொடக்கம். மோதிரத்தின் பழங்கதையைச் சொல்லும் அந்தப் பகுதியில் சிவந்த பின்னணியில் வெறும் நிழல்கள் ஆடுகின்றன. முகம் இல்லை, கண் இல்லை. ஒரு கை நீள்வதும் இன்னொரு உருவம் சரிவதும் மட்டும். பாவைக்கூத்துப் போல என்றார்.

இரண்டாவது, கறுப்புக் குதிரைக்காரன் வருகிற காட்டுப்பாதை. நான்கு குள்ளர்களும் பாதையோர மரமொன்றின் பெருவேருக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கிறார்கள். மேலே குதிரை நிற்கிறது. முக்காடு போட்ட உருவம் இறங்குகிறது. நடக்கும்போது ஒரு காலை இழுத்து இழுத்து, உடம்பு ஒரு பக்கம் சரிந்து சரிந்து வருகிறது. மூக்கால் உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. இந்த நடையை வெறும் கற்பனையில் கீறுவது கடினம். பாரம் எந்தக் காலில் விழுகிறது, துணி எந்த நொடியில் இழுபடுகிறது என்பதெல்லாம் ஒரு நடிகன் நடந்து காட்டியதால் வந்தவை. ரொட்டோஸ்கோப் எதற்கு நல்லது என்று யாராவது கேட்டால் இந்த ஒன்றரை நிமிடத்தைக் காட்டினால் போதும். "வரவு எண்டா இப்பிடி இருக்கோணும்" என்றார் பெரியப்பா, கூத்தில் வேசக்காரர் களரிக்குள் நுழைவதை நினைத்து.

பெறாமகள் விடவில்லை: "இது பீற்றர் ஜாக்சன் படத்தில அப்பிடியே இருக்கு. இவங்கள் பாத்து அடிச்சிருக்கிறாங்கள்." எது முந்தியது என்று சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். ஜாக்சன் இந்தக் கார்ட்டூனைப் பதின்ம வயதில் பார்த்தவர். பார்த்த பிறகுதான் நாவலைக் கையில் எடுத்திருக்கிறார். பிறந்தநாள் விருந்தில் ஒரு முதிய குள்ளர் தன் பெரிய பாதங்களை மேசையில் போட்டபடி கத்துகிற காட்சியை, பாக்ஷிக்கு மரியாதை செலுத்துவதற்காகவே தன் படத்தில் அதே கோணத்தில் வைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கார்ட்டூனின் முன்பகுதி பிடித்தது, பின்பகுதி குழம்பிவிட்டது என்பதுதான் அவருடைய கணிப்பும். அதாவது அவரும் நடுவிலே நின்றவர்தான்.

சிரிப்புக்கும் குறைவில்லை. வடதிசை வீரன் அரகோர்ன் காடு மேடெல்லாம் முழங்காலுக்கு மேல் நிற்கும் சட்டையோடு அலைகிறார், காற்சட்டை கிடையாது. பெடியள் விசிலடித்தார்கள். பொரொமிர் கொம்பு வைத்த தொப்பியோடு கடற்கொள்ளையன் மாதிரி வருகிறார். பாதாளத்தில் இருந்து எழும்பும் தீப்பூதம் சிங்கத் தலையும் செட்டையுமாக மெதுமெதுவாக அசைந்து வந்தபோது பயம் வரவில்லை, பாவமாக இருந்தது. இவற்றை வைத்துப் படத்தையே தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் இவை சின்னப் பிழைகள்.

பெயர்க் குழப்பம் கொஞ்சம் பெரிய பிழை. கதையில் இரண்டு எதிரிகள்: ஒருவன் சௌரோன், மற்றவன் சருமான். இரண்டு பெயரும் ஒன்றுபோல ஒலிப்பதால் சனம் குழம்பும் என்று இரண்டாமவனை அருமான் ஆக்கினார்கள். பிறகு மனம் மாறிப் பழைய பெயருக்கே போனார்கள். ஆனால் மாற்றிய இடமும் மாற்றாத இடமும் இரண்டுமே படத்தில் தங்கிவிட்டன. குழப்பத்தைத் தீர்க்கப் போய் மூன்றாவது ஆளை உண்டாக்கிய கதை. எங்களிடம் மாதவி இருக்கிறாள், மாதரி இருக்கிறாள், ஒரு கிழவியும் இதுவரை குழம்பினதில்லை.

பெறாமகளுக்கு உண்மையில் கோபம் வந்தது சாம் என்பவனைக் கண்டபோதுதான். ஃபுரொடோவோடு கடைசிவரை போகிற தோழன் அவன். நாவலில் அந்தப் பயணத்தின் முதுகெலும்பே அவன்தான். இங்கே அவனைப் பல்லை இளிக்கிற பபூன் ஆக்கிவிட்டார்கள். அவள் சொன்னது சரி. பபூன் வேண்டும் என்றால் வேறு ஆளைப் பிடித்திருக்கலாம். கதை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் இடையில் பிளவு இங்கேதான் ஆழமாகிறது. சாம் பின்னால் என்ன செய்யப்போகிறான் என்று தெரிந்தவருக்கு அந்த இளிப்பு ஒரு அவமரியாதை. தெரியாதவருக்கு அவன் சும்மா ஒரு சிரிப்புக்காரன்.

மூலத்தை மாற்றியதுதான் குற்றம் என்று வாதிடுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. வன்னியில் பிறந்த எவருக்கும் ஒத்துவராது என்று நினைக்கிறேன். இளங்கோவின் சிலப்பதிகாரம் கண்ணகியைச் சேரநாட்டு மலையில் வானேற்றி, அவளுக்குச் செங்குட்டுவன் கோயில் எடுப்பதில் போய் முடிகிறது. எங்கள் ஊரில் கண்ணகி மதுரையை எரித்துவிட்டு நேரே இங்கேதான் வந்தாள். நந்திக்கடலோரம் மாடு மேய்த்த பிள்ளைகளிடம் பசிக்கிறது என்றாள், விளக்கேற்றச் சொன்னாள், எண்ணெய் இல்லாதபோது கடல்நீரை ஊற்றச் சொன்னாள். அவள் வந்து தங்கிய பத்தாவது இடம் என்பதால் பத்தாப்பளை, அதுவே வற்றாப்பளை ஆயிற்று என்பார்கள். வைகாசிப் பொங்கலுக்கு இன்றைக்கும் கடல்நீரில் விளக்கெரிகிறது. ஈழத்துக் கண்ணகி கதைகளில் அவள் பிறப்பதே மாங்கனியில் இருந்து. இளங்கோவைப் படித்த ஒருவர் இதற்கு வழக்குப் போடலாம். எந்தப் பொங்கலிலும் அப்படி ஒருவர் எழும்பி நின்றதை நான் காணவில்லை. காவியம் என்றால் ஊருக்கு ஊர் கொஞ்சம் கூட்டிக் கொஞ்சம் குறைத்துத்தான் நடக்கும்.

ஆனால் ஒன்று. கூட்டலாம், குறைக்கலாம், சிலம்பை உடைக்காமல் விட முடியாது.

பாக்ஷியின் படம் அங்கேதான் இடறியது. நாவலின் முதல் பாகமும் இரண்டாம் பாகத்தின் பாதி அளவும்தான் அதில் இருக்கின்றன. ஹெல்ம்ஸ் டீப் என்ற கோட்டைப் போரில் மந்திரவாதி கண்டால்ஃப் குதிரையில் பாய்ந்து வந்து அரக்கரைச் சிதறடித்து வாளை மேலே எறிகிறார். ஒரு குரல் வந்து முடிவுரை சொல்கிறது. முடிந்தது. அதே நேரம் ஃபுரொடோவும் சாமும் கொலம் என்ற அந்த மெலிந்த பிராணிக்குப் பின்னால் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறார்கள். எரிமலையை நாங்கள் காணவே இல்லை.

இதற்குக் காரணம் கலை இல்லை, கணக்கு. பாக்ஷியின் திட்டம் இரண்டு படங்கள். முதலாவதற்கு 'பாகம் ஒன்று' என்று பெயரிலேயே போட வேண்டும் என்று கேட்டார். பாதிப் படத்துக்கு யாரும் முழுக் காசு கொடுத்து வரமாட்டார்கள் என்று நிறுவனம் அதை எடுத்துவிட்டது. சனம் முழுக்கதை என்று நம்பி வந்தது, ஏமாந்து போனது. தான் அன்றைக்கு விடாமல் நின்றிருக்க வேண்டும் என்ற ஆற்றாமை பாக்ஷியின் பிற்காலப் பேட்டிகளில் தெரியும். வேடிக்கை என்னவென்றால் படம் தோற்கவில்லை. மூன்று கோடி டொலர் அளவில் உழைத்தது. இருந்தும் இரண்டாம் பாகம் வரவே இல்லை. தயாரிப்பாளரோடு மனக்கசப்பு, கைக்கு வந்த வேறு படங்கள், களைப்பு, எல்லாம் சேர்ந்துகொண்டன. இரண்டாவது வந்திருந்தால் முதலாவதைப் பற்றிய பேச்சே வேறாக இருந்திருக்கும்.

கூத்தில் இரண்டு இரவுக்கு நீளுகிற கதைகள் உண்டு. முதல் இரவு விடிய, மிச்சம் நாளைக்கு என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். சனம் கொட்டாவி விட்டபடி வீட்டுக்குப் போய், பின்னேரம் பாயோடு திரும்ப வரும். மங்களம் பாடுவது கடைசியில் மட்டும். "பாதியில மங்களம் பாடினா அண்ணாவியாரைச் சும்மா விடுவமோ?" என்று பெரியப்பா கேட்டது இதை வைத்துத்தான்.

பாதிப் படம் என்பதே எங்களுக்குப் புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் கிடையாது. ஜெனரேற்றரும் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, காசு சேர்த்து மண்ணெண்ணெய் வாங்கி, ஒரு இரவுக்கு மூன்று படம் என்று ஓட்டுவோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் எண்ணெய் என்றால் பொன். மூன்றாவது படம் எந்த நாளும் முடிந்ததாக ஞாபகம் இல்லை. வில்லன் கதாநாயகியைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமும், படம் சுருங்கி ஒரு புள்ளியாகும். இருட்டுக்குள் யாராவது ஒருவன் மிச்சக் கதையைச் சொல்லத் தொடங்குவான். அவன் பார்த்திருக்க மாட்டான், ஆனாலும் சொல்லுவான். அதில் எங்களுக்குக் கோபம் வந்ததில்லை. எண்ணெய் முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வந்து இதுதான் முடிவு என்று சொல்லவில்லை.

1978இல் எழுதிய விமர்சகர்களும் இப்படித்தான் ஊசலாடினார்கள். ரொஜர் ஈபர்ட் முயற்சியை மதித்தார், மூலக்கதையின் வீச்சு வரவில்லை என்றும் குறைப்பட்டார். மோதிரத்துக்கு என்ன ஆனது என்று கார்ட்டூனிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு 1980இல் ராங்கின் பாஸ் நிறுவனம் தொலைக்காட்சிக்காக எடுத்த 'த ரிற்றேர்ன் ஒஃப் த கிங்' இருக்கிறது. ஆனால் அது வேறு வீட்டுப் பிள்ளை. வரைந்தது ஜப்பானில், ஆட்களின் முகம் வேறு, அரக்கர் படை பாட்டுப் பாடிக்கொண்டு அணிநடை போகிறது. அதைப் பாக்ஷி படத்தின் இரண்டாம் பாகம் என்று நினைத்துப் போட்டால் இன்னொரு ஏமாற்றம். 2024 டிசம்பரில் ஜப்பானிய இயக்குநர் கென்ஜி கமியாமாவின் 'த வோர் ஒஃப் த ரொஹிரிம்' வந்தபோதும் பழைய வழக்கு புதிதாகத் தொடங்கியது: கார்ட்டூன் ரசிகர்கள் ஒரு பக்கம், டோல்கீன் ரசிகர்கள் ஒரு பக்கம். பெறாமகளுக்கு அது பிடிக்கும். அதன் புல்லும் முகமும் ஒரே கை.

அன்றிரவு மிச்சக் கதையை நான்தான் சொன்னேன். வேட்டித் திரையைக் கழற்றிவிட்டு, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, எரிமலை வரைக்கும் போனோம். கடைசியில் மோதிரத்தை எறிய ஃபுரொடோவுக்கே மனம் வரவில்லை, கொலம் பாய்ந்து அவன் விரலோடு கடித்துப் பிடுங்கினான், கிடைத்த சந்தோசத்தில் துள்ளிக் கால் தவறி மோதிரத்தோடு நெருப்பில் விழுந்தான் என்று சொல்லி முடித்தேன். பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆங்கிலம் விளங்காமல் பார்த்திருந்தும், படம் ஓடும்போதே அவர் கொலத்தின் குரலைக் கவனித்துவிட்டார். "உவன் நல்லாச் செய்யிறான்" என்று அப்போதே சொன்னார். பீற்றர் வூட்தோர்ப் என்ற அந்த நடிகரைத்தான் 1981இல் பிபிசி வானொலியும் அதே வேசத்துக்குக் கூப்பிட்டது.

"கள்ளன்தான். எண்டாலும் அவன் இல்லாட்டி அலுவல் முடியாது என்ன?" என்றார்.

"ஓம், பெரியப்பா."

"எங்கட தட்டானை மாதிரி." கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "அந்த வேசத்துக்கு வரவுப் பாட்டு ஒண்டு கட்டலாம்."